தம்பதியர் ஆலோசனை: மாற்றம் முதலா, ஏற்பு முதலா?

மரபான நடத்தைவழிச் சிகிச்சை மாற்றத்தில் தொடங்குகிறது. துணைக்குப் பிடித்ததாகத் தான் செய்யக்கூடியவற்றை இருவரும் பட்டியலிட்டு, வீட்டில் செய்து பார்ப்பார்கள். பிறகு பேச்சுப் பயிற்சி: ‘நீ எப்பவுமே இப்படித்தான்’ என்பது ‘சொல்லாமல் தாமதமாக வந்தால் எனக்குப் பயமாக இருக்கு’ என்று மாறும். பலன் சீக்கிரம் தெரியும். ஆனால் ‘ஆலோசகர் சொன்னதால்தானே செய்கிறாய்’ என்ற சந்தேகம் நுழைந்தால், காரியம் நடந்தும் மனம் குளிராது.

அந்தக் குறையைப் போக்கவே அமெரிக்க உளவியலாளர்கள் ஆண்ட்ரூ கிறிஸ்டென்சனும் நீல் ஜேக்கப்சனும், ஒருவரையொருவர் புரிந்து ஏற்பதை முன்னிறுத்தும் ஒருங்கிணைந்த முறையை உருவாக்கினார்கள். முதல் அமர்வு இருவரும் சேர்ந்து, அடுத்த இரண்டு தனித்தனியே, நான்காவதில் ஆலோசகரின் கணிப்பு. தனி அமர்வில் அடி, மிரட்டல் உண்டா என்று கேட்டே ஆகவேண்டும். பயந்திருப்பவர் துணையின் எதிரில் வாய் திறக்கமாட்டார். அதன்பின் சண்டையை இருவருக்கும் பொதுவான ‘அது’வாக எதிரில் வைத்துப் பார்ப்பார்கள்: ஒருவர் துரத்த, மற்றவர் ஒதுங்க, எந்த இடத்தில் சூடேறியது? கோபத்தின் அடியில் கிடக்கும் தனிமை அப்போதுதான் பேச்சுக்கு வரும்.

லாஸ் ஏஞ்சலிஸிலும் சியாட்டிலிலும் 134 தம்பதிகளிடம், அதிகபட்சம் 26 அமர்வுகளுடன் இரண்டையும் ஒப்பிட்டார்கள். 2 ஆண்டு கழித்துத் தேறியிருந்தவர்கள்: ஒருங்கிணைந்த முறையில் 69%, மரபான முறையில் 60%. 5 ஆண்டில் இடைவெளி சுருங்கி 50%, 46% ஆனது. இரு பக்கமும் கால்வாசிப் பேர் பிரிந்திருந்தார்கள்.

வரவுசெலவு, வீட்டுவேலைப் பங்கீடு என்றால் முதல் முறையே போதும். வருடக்கணக்கில் ஒரே சண்டை என்றால் இரண்டாவதையே பரிந்துரைப்போம்.