ஓப்பன் சோர்ஸில் காசு எந்த இடத்தில் கைமாறுகிறது?

கோட் இலவசம் என்றால் வாடிக்கையாளர் எதற்குப் பணம் கட்டுகிறார்? லினக்ஸ் நிறுவனம் ரெட் ஹேட், டேட்டாபேஸ்களான மைஎஸ்க்யூஎல், மாங்கோடிபி மூன்றும் இதற்கு மூன்று விடை வைத்திருக்கின்றன.

ரெட் ஹேட் விற்பது பராமரிப்பை. ஒரு வெளியீட்டுக்கு 10 ஆண்டு ஆதரவு. பாதுகாப்பு ஓட்டை தெரிந்தால் திருத்தத்தை மட்டும் பழைய பதிப்பிலேயே ஒட்டித் தருவார்கள்; இதுதான் பேக்போர்ட். சர்வருக்குள் தொலைவிலிருந்து நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சின் பதிப்பு எண் பழசாகவே நிற்பதால், ஓட்டை தேடும் ஸ்கேனர் அலறும். பதற வேண்டாம், பேக்கேஜின் சேஞ்ச்லாகில் (மாற்றப் பட்டியலில்) அந்த ஓட்டையின் அடையாளமான சிவிஇ எண்ணைத் தேடினால் திருத்தம் எப்போதோ வந்துவிட்டது தெரியும். யாருக்கும் செய்யப் பிடிக்காத இந்த வேலைக்குத்தான் சந்தா. 2019இல் ஐபிஎம் 3,400 கோடி டாலருக்கு ரெட் ஹேட்டை வாங்கியது. நகல்கள்தான் தலைவலி: 2023 ஜூனில் பொதுவெளியில் சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம் (ரெட் ஹேட்டின் அடுத்த வெளியீட்டுக்கான முன்னோட்டம்) சோர்ஸ் மட்டும் போதும் என்று முடிவெடுத்தும், அதன் லினக்ஸைப் போலவே செய்து இலவசமாகத் தரும் ராக்கியும் அல்மாவும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

மைஎஸ்க்யூஎல்லுடையது இரட்டை உரிமம். தன் மூடிய மென்பொருளோடு அதை இணைத்து விநியோகிப்பவர் ஜிபிஎல் என்ற திறந்த உரிமத்தின்படி தன் கோடையும் திறக்க வேண்டும். மனமில்லாவிட்டால் வணிக உரிமம் வாங்க வேண்டும். இதற்குப் பதிப்புரிமை ஒரே கையில் இருக்க வேண்டும். வெளியாள் அனுப்பிய பத்து வரி பேட்சைக்கூட சிஎல்ஏ ஒப்பந்தம் (எழுதியவர் தன் கோடின் உரிமையைத் தரும் கையெழுத்து) இல்லாமல் சேர்த்தால் சிக்கல்: ஆளைத் தேடிப்பிடித்துக் கையெழுத்து வாங்கணும், இல்லையேல் அந்த வரிகளைப் புதிதாக எழுதணும். ஆயிரக்கணக்கானோர் உரிமை வைத்திருக்கும் லினக்ஸ் கர்னலில் இந்த வியாபாரம் நடக்காது. இன்னொன்று, ஜிபிஎல்லின் கடமை விநியோகித்தால்தான் வரும். சர்வரில் ஓட்டிச் சேவையாக விற்பவருக்கு அது பொருந்தாது.

கிளவுட்காரர்கள் நுழைந்தது இந்த வழியாகத்தான். மாங்கோடிபி 2016இல் அட்லஸ் என்று தானே ஹோஸ்டிங்கில் இறங்கியது. 2018 அக்டோபரில், கோடை மாற்றிச் சர்வரில் ஓட்டினாலும் திறக்கச் சொல்லும் ஏஜிபிஎல்லை விட்டு எஸ்எஸ்பிஎல் என்ற தன் சொந்த உரிமத்துக்குப் போனது: சேவையாக விற்பவர் பேக்கப், கண்காணிப்பு உட்பட எல்லாக் கோடையும் திறக்க வேண்டும். ஓப்பன் சோர்ஸ் உரிமங்களை அங்கீகரிக்கும் அமைப்பான ஓஎஸ்ஐ இதை ஓப்பன் சோர்ஸாக ஏற்கவில்லை. மூன்றே மாதத்தில் அமேசான், மாங்கோ ஏபிஐக்கு (நிரல்கள் அதோடு பேசும் முறைக்கு) ஒத்துப்போகும் டாக்குமென்ட்டிபியை வெளியிட்டது.

2021இல் உரிமத்தை இப்படியே மாற்றிய, தேடல் மென்பொருள் செய்யும் எலாஸ்டிக்குக்கு அடி பலம். அதன் பழைய கோட், யாரும் எடுத்து மாற்றி விற்கலாம் என்கிற அப்பாச்சி உரிமத்தில் இருந்ததால், கடைசித் திறந்த பதிப்பை எடுத்து அமேசான் ஓப்பன்சர்ச் ஆக்கிவிட்டது. 2024இல் பிஎஸ்டி என்ற தளர்வான உரிமத்தை விட்ட டேட்டாபேஸ் ரெடிஸுக்கும் அதே கதை, அதன் பழைய கோடிலிருந்து வால்கீ பிறந்தது. தளர்வான உரிமத்தில் ஒருமுறை வெளியே விட்ட கோடைத் திரும்ப வாங்க முடியாது. ஹோஸ்டிங்தான் பிழைப்பு என்றால் முதல் நாளே ஏஜிபிஎல், சிஎல்ஏ இரண்டையும் போட்டுக்கொள்வதே என் தேர்வு.

அப்போதும் வாடகை மிச்சமாகாது. அட்லஸ் ஓடுவதே அமேசான், அஸூர், கூகுள் இயந்திரங்களில்தான்.