65 இன்ச் டிவி: பெட்டியை யார் பிரிக்கிறார்கள்?

பாளையங்கோட்டையில் அக்கா வீட்டுப் பழைய 32 இன்ச் டிவியில் பாதித் திரை நீலமாகிவிட்டது. இனி 65 இன்ச்தான் என்று அத்தான் முடிவு செய்துவிட்டார். பிராண்டு, மாடல் எல்லாம் பக்கத்து வீட்டில் பார்த்தே தேர்ந்தெடுத்தாயிற்று. ஆன்லைனில் எந்தக் கடையில் ஆர்டர் போடுவது என்பது மட்டும் என் தலையில் விழுந்தது. ஒரு தளத்தில் பார்த்த விலையை அத்தான் போனில் படித்துக் காட்டினார். "என்ன மாப்ள, நாலாயிரம் கம்மியா போட்டிருக்காம்லா, பொறவு என்ன யோசனை?"

யோசனைக்குக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஆன்லைனில் ஒரு 55 இன்ச் வாங்கினேன். கடையின் பெயர் வேண்டாம். வெள்ளிக்கிழமை பெட்டி வந்தது. கொண்டுவந்தவர் அதைச் சுவரில் சாய்த்து வைத்தார், ஓடிபி வாங்கினார், போய்விட்டார். பெட்டி மேலேயே ஒரு ஸ்டிக்கர்: எங்கள் ஆள் வரும்வரை பிரிக்காதீர்கள். அந்த ஆள் வந்தது புதன்கிழமை. பிரித்து ஆன் செய்தால் வலது மூலையிலிருந்து சிலந்தி வலை மாதிரி ஒரு விரிசல். "இது ஃபிசிகல் டேமேஜ் சார், வாரண்டியில வராது" என்றார் அவர். கடைக்காரர்களைக் கேட்டால், ஓடிபி கொடுத்தபோதே பொருளை நல்ல நிலையில் வாங்கிக்கொண்டதாக அர்த்தம் என்றார்கள். இரண்டு பக்கமும் மாறி மாறிப் பேசிப் பணம் திரும்ப ஒன்றரை மாதம் ஆனது. உடைந்த டிவி அதுவரை ஹாலிலேயே நின்றது.

அதனால் இப்போதெல்லாம் கடைகளை ஒப்பிடும்போது முதலில் பார்ப்பது விலையை அல்ல. பெட்டி வீட்டுக்குள் வருவதற்கும் கம்பெனி ஆள் வந்து பிரிப்பதற்கும் நடுவே சில நாட்கள் இருக்கின்றனவே, அந்த நாட்களுக்கு யார் பொறுப்பு? மாற்றித் தரும் கெடுவோ பெரும்பாலும் டெலிவரி தேதியிலிருந்தே ஓடத் தொடங்கிவிடுகிறது. செல்போனுக்கும் மிக்ஸிக்கும் இந்தப் பிரச்சினை கிடையாது. டிவி பெரிதாகப் பெரிதாகத்தான் இது பெரிதாகிறது.

முதலில் பலரும் கவனிக்காத ஒன்று. அமேசானும் ஃப்ளிப்கார்ட்டும் நமக்கு எதையும் விற்பதில்லை. அந்நிய முதலீடு உள்ள இணையச் சந்தைகள் சொந்தச் சரக்கை வைத்து நுகர்வோருக்கு நேரடியாக விற்கக் கூடாது என்பது இந்திய விதி. எனவே அங்கே விற்பவர் வேறொருவர். டிவி படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் அந்தப் பெயர் இருக்கும். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவருடைய பெயர், முகவரி, தொடர்பு எண் எல்லாவற்றையும் தளம் காட்டியாக வேண்டும். ஒரே மாடலைப் பத்துப் பேர் விற்பார்கள்; வரிசையில் மேலே நிற்பவரே நல்லவர் என்றில்லை. பெயரைத் தட்டி, எவ்வளவு காலமாக விற்கிறார், டிவி வாங்கியவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். நான் இன்னொன்றும் பார்ப்பேன், ஜிஎஸ்டி எண். முதல் இரண்டு இலக்கம் 33 என்றால் அது தமிழ்நாட்டுப் பதிவு. 29 கர்நாடகம், 27 மகாராஷ்டிரம். எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டால் பதிவு உயிரோடு இருக்கிறதா என்று காட்டும், லாகின்கூடத் தேவையில்லை. இது கொஞ்சம் அதிகப்படி என்று அக்கா சொல்வாள். இருக்கட்டும்.

சரி, அமேசான், ஃப்ளிப்கார்ட் இரண்டில் எது? பெரிய டிவிக்கு என் ஓட்டு ஃப்ளிப்கார்ட்டுக்கு, ஓபன் பாக்ஸ் டெலிவரி கிடைக்கும் பின்கோடாக இருந்தால் மட்டும். கொண்டுவருபவரே நம் கண் முன்னால் பெட்டியைப் பிரித்துக் காட்டுவார். பார்த்துவிட்டுத்தான் ஓடிபி. உடைந்திருந்தால் அப்படியே திருப்பி அனுப்பிவிடலாம். எனக்கு நடந்ததில் பாதி இதிலேயே அடைபட்டுவிடுகிறது. பாதிதான். பேனலின் உள்விரிசல் பல சமயம் ஆன் செய்தால்தான் தெரியும், வாசலில் யாரும் ஆன் செய்து காட்டப் போவதில்லை. போன் டார்ச்சைத் திரையில் சாய்வாக அடித்து நான்கு மூலையையும் பார்ப்பது நல்லது. ஒரு கறுப்புக் கண்ணாடியை டார்ச் அடித்துப் பார்ப்பவனை டெலிவரிக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

பொதுவாகப் பொருளைத் திருப்பித் தருவதில் அமேசானைத்தான் எனக்குப் பிடிக்கும். சட்டைக்கும் சார்ஜருக்கும் அது சரி. டிவி என்று வரும்போது இரண்டு தளங்களிலும் விதி மாறிவிடுகிறது. டெக்னீஷியன் வந்து பார்த்து, கோளாறு உண்மை என்று எழுதிக் கொடுத்தால்தான் அடுத்த பேச்சு என்று பல டிவிகளுக்கு நிபந்தனை இருக்கும். பொருள் பக்கத்தில் 'ரிட்டர்ன்' என்று இருக்கிறதா, 'ரீப்ளேஸ்மென்ட்' என்று இருக்கிறதா என்பதையும் படிக்க வேண்டும். இரண்டாவது என்றால் பொதுவாகப் பணம் வராது, இன்னொரு பெட்டிதான் வரும்.

குரோமாவும் ரிலையன்ஸ் டிஜிட்டலும் வேறு ரகம். குரோமா பில்லில் இன்ஃபினிட்டி ரீடெய்ல் என்று இருக்கும்; பயப்பட வேண்டாம், டாடா குழும நிறுவனம்தான் அது. ரிலையன்ஸ் டிஜிட்டல், ரிலையன்ஸ் ரீடெய்லைச் சேர்ந்தது. தளமும் கடையும் பெரும்பாலும் ஒன்றே என்பதால் நடுவில் முகம் தெரியாத விற்பனையாளர் இல்லை. சென்னை, கோவைக்காரர்கள் கடைக்குப் போய்ப் படத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து ஆர்டர் போடலாம். ரிலையன்ஸுக்கு ரெஸ்க்யூ என்று சொந்த சர்வீஸ் பிரிவும் உண்டு. பக்கத்தில் கிளை இல்லாத ஊருக்கு இந்தச் சாதகமெல்லாம் பாதியாகக் குறைந்துவிடும்.

பிராண்டின் சொந்தத் தளம்? சாம்சங், எல்ஜி இரண்டுமே இந்தியாவில் நேரடியாக இணையத்தில் விற்கின்றன. விற்பவரும் மாட்டித் தருபவரும் வாரண்டி தருபவரும் ஒரே வீடு, ஆகவே பழியைத் தள்ளிவிட இன்னொரு ஆள் கிடையாது. ஒன்றரை லட்சத்துக்கு ஓஎல்இடி வாங்குகிறவர் வேறெங்கும் தேட வேண்டாம் என்பேன். அறுபதாயிரத்துக்கு வாங்குகிறவருக்கு அங்கே விலை பெரும்பாலும் கொஞ்சம் உறுத்தும்.

இனி நம்மூர்க் கடைகள். வசந்த் அண்ட் கோ, விவேக்ஸ், சத்யா, டார்லிங், பூர்விகா எல்லோருக்குமே இணையதளம் இருக்கிறது. ஆனால் இவர்களை ஆன்லைன் கடை என்று யாரும் நினைப்பதில்லை. தளத்தின் தரத்தில் இவர்கள் அமேசானோடு போட்டி போட முடியாது. இருப்பு இருப்பதாகக் காட்டிவிட்டு, ஸ்டாக் இல்லை சார் என்று போன் வருவது இந்த வகைக் கடைகளில் புதிதல்ல. விற்ற பொருளைத் திரும்ப வாங்குவதிலும் தாராளம் குறைவு. ஆனால் வண்டி பக்கத்துக் கிளையிலிருந்தோ குடோனிலிருந்தோ வருகிறது. நாலு மாநிலம் தாண்டி, நாலு கிடங்கில் ஏறி இறங்கி வருவதில்லை. 65 இன்ச் பேனலுக்கு இது சாதாரண விஷயமில்லை. மூலைக்கு மூலை 165 சென்டிமீட்டர், அகலம் மட்டும் ஏறக்குறைய 145. எப்போதும் நிமிர்த்தியே வைக்க வேண்டிய பெட்டி, ஒரு முறை படுக்கப் போட்டாலே ஆபத்து. அதோடு ஏதாவது ஆனால் போய் நிற்க ஒரு வாசல் இருக்கிறது. சாட் பெட்டியில் "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்பதைப் பதினைந்தாவது தடவை படித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இந்த வரிசையில் சேராத ஒரு ரகமும் உண்டு. பண்டிகை சமயத்தில் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் '65 இன்ச் 9,999 ரூபாய்' என்று முளைக்கும் தளங்கள். பெரிய கடையின் பெயரில் ஒரு எழுத்து மாறியிருக்கும், முன்பணம் யுபிஐயில் மட்டும். இதில் ஒப்பிட எதுவுமில்லை. ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள், தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கை மாறிக்கொண்டிருக்கும்.

விலைக்கு வருவோம். அத்தான் சொன்ன நாலாயிரத்தைப் பிரித்துப் பார்த்தேன். அதில் 2,900 ரூபாய் ஒரு குறிப்பிட்ட வங்கியின் கிரெடிட் கார்டுக்கு. அத்தானிடம் இருப்பது கூட்டுறவு வங்கி டெபிட் கார்டு. மிச்ச வித்தியாசம் 1,100. அடித்துக் காட்டியிருக்கும் பழைய விலையை நான் பார்ப்பதே இல்லை. 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. வரிக்கு முன் 50,000 ரூபாய் டிவி அப்போது 64,000, இப்போது 59,000. அந்த ஐயாயிரத்தைத் தன் தள்ளுபடி மாதிரி காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். வட்டியே இல்லை என்று சொல்லும் 'நோ காஸ்ட்' தவணையிலும் வட்டி மேல் வரும் 18 சதவீத ஜிஎஸ்டி நம் கணக்கில்தான். கடைசித் திரையில் கூடுதல் வாரண்டி தானாக டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள். கேட்காமல் கூடையில் சேர்ப்பதை 2023இலேயே மத்திய அரசின் வழிகாட்டுதல்கள் முறைகேடு என்று பட்டியலிட்டிருக்கின்றன.

தகராறு வந்தால்? தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் ஆகாவிட்டால் நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் சரி. ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. எனக்கு அந்தச் சமயத்தில் இது தெரிந்திருந்தால் ஒன்றரை மாதம் ஆகியிருக்காது என்று நினைக்கிறேன்.

அக்கா வீட்டு பின்கோடில் அந்த மாடலுக்கு ஓபன் பாக்ஸ் காட்டவில்லை. அதனால் திருநெல்வேலியில் கிளை உள்ள ஒரு கடையின் தளத்தில் ஆர்டர் போட்டேன், 1,100 ரூபாய் கூட. போடுவதற்கு முன் கிளைக்கே போன் செய்து, மாட்டும் ஆள் வருகிற நாளில் பெட்டியை அனுப்பினால் போதும் என்று கேட்டேன். கிளை மேனேஜர் ஒரு நிமிடம் யோசித்து, "செவ்வாய்க்கிழமை ஓகேவா சார்?" என்றார். செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு வண்டி, பன்னிரண்டரைக்கு ஆள். பிரிப்பதிலிருந்து ஆன் செய்வது வரை மருமகன் வெட்டாமல் வீடியோ எடுத்தான். யூடியூபில் முழு வெள்ளைத் திரை ஒன்றைப் போட்டு மூலை மூலையாகப் பார்த்தார்கள். ஒரு புள்ளிகூட இல்லை.

காலிப் பெட்டி இப்போது அக்காவின் கட்டிலுக்குப் பின்னால் நிற்கிறது. எப்போது பழைய பேப்பர்காரரிடம் போடலாம் என்று தினம் கேட்கிறாள். மாற்றித் தரும் கெடு முடிய இன்னும் நான்கு நாள் இருக்கிறது.