எர்ஹுவா, மொரின் ஹூரா?

இரண்டுக்கும் இரண்டே தந்திகள், இரண்டுமே வில் போட்டு வாசிப்பவை. ஆனாலும் சீன மரபிசையின் எர்ஹுவையும் மங்கோலிய மேய்ப்பர்களின் மொரின் ஹூரையும் அடுத்தடுத்துக் கேட்டால் யாரும் குழம்ப மாட்டார்கள்.

எர்ஹுவின் வில் கருவியை விட்டுப் பிரியாது. அதன் மயிரிழைகள் இரு தந்திகளுக்கும் நடுவே ஓடுகின்றன. உள் தந்தி ‘ச’ என்றால் வெளித் தந்தி ‘ப’. விரல் பதியப் பலகை கிடையாது. தந்தியை அந்தரத்தில் அழுத்த வேண்டும். அழுத்தம் சற்றுக் கூடினாலே சுருதி ஏறிவிடும். கமகத்தில் ஊறிய காதுக்கு அந்தக் குழைவு உடனே பிடித்துப்போகும். குழைவுதான் வேண்டும் என்றால் என் ஓட்டு எர்ஹுவுக்கே.

வூஷி நகரத் தெருக்களில் வாசித்துப் பிழைத்த பார்வையற்ற கலைஞர் ஆபிங்கின் வாசிப்பு 1950-இல் பதிவானது. அந்த ஆண்டே அவர் இறந்துவிட்டார். நல்லவேளை, பதிவு முந்திக்கொண்டது. அதற்கு முன்பே சீன இசைக்கலைஞர் லியு தியான்ஹுவா (1895–1932) வயலின் உத்திகளைச் சேர்த்து எர்ஹுவைக் கல்லூரிப் பாடமாக்கியிருந்தார். பிறகு பட்டுத் தந்தி போய் எஃகுத் தந்தி வந்தது. ஒலி ஓங்கியது, பழைய மென்மை குறைந்தது என்பேன்.

மொரின் ஹூரில் தந்தி, வில் இரண்டும் மரபாகக் குதிரைவால் மயிர். கருவியின் உச்சியில் செதுக்கிய குதிரைத் தலை. தந்திகளின் இடைவெளி ச–ம. நகக்கண்ணால் தந்தியைத் தொட்டு வாசிப்பதால் ஒலி கனமாகவும் சற்றுக் கரகரப்பாகவும் வருகிறது. இதற்கும் மேடை உண்டு. ஆனால் இதன் உண்மையான பரீட்சை கோபி பாலைவனத்தில். ஈன்ற குட்டியை ஒதுக்கும் தாய் ஒட்டகத்தைக் குட்டியின் அருகே கட்டி, ஒருவர் ஹூர் வாசிக்க, இன்னொருவர் ஒரே ஓசையைத் திரும்பத் திரும்பப் பாடுவார். தாய் மனமிரங்கிப் பாலூட்டும்வரை இது தொடரும். ஒட்டகத்தைவிடக் கண்டிப்பான ரசிகர் ஏது? இந்தச் சடங்கை யுனெஸ்கோ 2015-இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

வேடிக்கை என்னவென்றால், எர்ஹுவில் இன்று மிகப் பிரபலமான துரித உருப்படிகளில் ஒன்றான ஹுவாங் ஹைஹுவாயின் ‘குதிரைப் பந்தயம்’ மங்கோலியப் புல்வெளியைப் பற்றியது. விறுவிறுப்பானதுதான், நடுவே தந்தியை மீட்டும் பகுதி அபாரம். ஆனாலும் குதிரைப் பாய்ச்சலை மொரின் ஹூரில் கேட்ட பிறகு அது எனக்குக் கொஞ்சம் மெல்லியதாகவே படுகிறது.