டிசம்பரில் மத்திய தரைக்கடல் குரூஸா? பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

போன வாரம் எங்கள் அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் ஒரு விளம்பரம் வந்தது. நீலக் கடல், வெள்ளைக் கப்பல், ஓரத்தில் காய்த்துத் தொங்கும் எலுமிச்சை மரம். “டிசம்பரில் மத்திய தரைக்கடல் குரூஸ். வெயில் இல்லை, கூட்டம் இல்லை, இதுதான் பெஸ்ட் சீசன்.” கீழே இருந்த போன் நம்பரைப் பார்த்ததும் எனக்குப் பகீர் என்றது. 2024-ல் இதே படத்தைக் காட்டி, இதே வார்த்தைகளைச் சொல்லி எங்களிடம் பணம் வாங்கிய அதே ஏஜென்சி. எங்கள் பிளாக்கிலேயே இரண்டு குடும்பங்கள் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நுகர்வோர் ஆணையத்தில் எங்கள் புகார் நிலுவையில் இருப்பதால் பெயரைப் போடவில்லை. பெயர் மாறினாலும் பேச்சு மாறாது. அந்தப் பேச்சை அடையாளம் தெரிந்துகொண்டால் போதும்.

என் அப்பா புவியியல் ஆசிரியர். பெரம்பூரில் ஒரு பள்ளியில் முப்பது வருஷத்துக்கு மேல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். இத்தாலியின் வெசூவியஸ் எரிமலையைக் கரும்பலகையில் எத்தனை தடவை வரைந்திருப்பார் என்று கணக்கே கிடையாது. எழுபது வயது நிறைந்தபோது, “பீமரத சாந்தியெல்லாம் வேண்டாம், அந்தக் காசில் ஒரு தடவை அந்த மலையைக் காட்டுங்கள்” என்றார். அம்மாவுக்கு மூட்டு வலி. ஊர் ஊராகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் மாற முடியாது. கப்பல் என்றால் பெட்டி ஒரே அறையில் இருக்கும், ஊர்கள் நம்மைத் தேடி வரும். அப்படித்தான் 2024 ஜூனில் அண்ணா நகரில் இருந்த அந்த ஆபீசுக்கு மூன்று பேரும் போனோம்.

நாங்கள் கேட்டது அடுத்த மே மாதம். அங்கிருந்த ஏஜென்ட் டிசம்பர் என்றார். அப்பா முதலில் கேட்ட கேள்வியே இதுதான்: “தம்பி, அங்கே குளிர்காலத்தில்தானே மழை?”

“சார், அதெல்லாம் பழைய புக்ல இருக்கறது. இப்போ கிளைமேட்டே மாறிடுச்சு. மே மாசம் போனா நம்ம ஊர் மாதிரியே கொளுத்தும். அம்மாவுக்குக் கால் வலின்னு சொல்றீங்க, வெயில்ல எப்படி சார் நடப்பாங்க? டிசம்பர்ல ஜில்லுனு இருக்கும்.”

அம்மாவின் காலைச் சொன்னதும் அப்பா பேசவில்லை. எனக்கும் அது நியாயமாகப் பட்டது. ஒரு தடவை போனை எடுத்து ரோமின் மாதாந்திர மழை அளவைத் தேடியிருந்தால் இரண்டு நிமிஷத்தில் விஷயம் தெரிந்திருக்கும்.

அப்பா கேட்டதுதான் உண்மை. கோடையில் வறட்சி, குளிர்காலத்தில் மழை. மத்திய தரைக்கடல் காலநிலை என்பதற்கே அதுதான் இலக்கணம். ரோமிலும் நேப்பிள்ஸிலும் பொதுவாக அதிகம் மழை பெய்வது நவம்பரில், டிசம்பரும் ஈரம்தான். நம்ம ஊர் ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் அவர்களுடைய மழைக்காலமும் ஏறக்குறைய ஒன்றாக வருகின்றன. நாங்கள் ஃபெஞ்சல் புயல் ஓய்ந்த ஐந்தாவது நாள் சென்னையில் விமானம் ஏறினோம். ஒரு மழையிலிருந்து கிளம்பி இன்னொரு மழையில் போய் இறங்கினோம்.

அவர் சொன்ன மே மாதக் கதையும் பொய். இங்கே அக்னி நட்சத்திரம் ஓடும்போது பார்சிலோனாவிலும் ரோமிலும் பகல் வெப்பம் பெரும்பாலும் இருபதிலிருந்து இருபத்தைந்து டிகிரிதான். அங்கே கொளுத்துவது ஜூலை, ஆகஸ்ட். 2023 ஜூலை வெப்ப அலையில் ஏதென்ஸின் அக்ரோபோலிஸையே நண்பகல் நேரங்களில் மூடி வைத்தார்கள். அந்த இரண்டு மாதங்களில் ஐரோப்பியப் பள்ளிகளுக்கும் விடுமுறை என்பதால் கப்பல் நிரம்பி வழியும். கிரீஸ் பக்கம் மெல்டெமி என்ற வடக்குக் காற்று வேறு அப்போதுதான் பலமாக வீசும். சான்டோரினியில் பெரிய கப்பல்கள் கரையோடு அணைவதில்லை, கடலில் நங்கூரமிட்டுச் சிறு படகில் ஆட்களை இறக்குகிறார்கள். அலை அதிகமானால் இறங்குவது ரத்தாகிவிடும்.

அப்படியானால் எப்போது? ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடு வரை, அப்புறம் செப்டம்பரிலிருந்து அக்டோபர் நடு வரை. கடலில் இறங்கிக் குளிக்க ஆசைப்பட்டால் செப்டம்பர். கோடை முழுக்க வாங்கிய சூட்டைத் தண்ணீர் உடனே விடாது. நடந்து சுற்ற, பூவும் பச்சையுமாகப் பார்க்க, மே. நம் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறையும் அப்போதுதான், இதைவிடத் தோதான காலம் சென்னைக்காரர்களுக்குக் கிடையாது. எந்த மாதத்துக்கும் உத்தரவாதம் இல்லைதான். 2023 செப்டம்பரில் டேனியல் புயல் கிரீஸையும் லிபியாவையும் புரட்டிப்போட்டது. ஆனாலும் சூதாடினால்கூட சாதகமான பக்கம் பணம் வைக்க வேண்டாமா?

நாங்கள் கட்டிய கணக்கைச் சொல்கிறேன். தலைக்கு 2,20,000 வீதம் மூன்று பேருக்கு 6,60,000. அதன்மேல் டிசிஎஸ், அதாவது வெளிநாட்டு டூர் விற்பவர் நம்மிடம் வசூலித்து அரசுக்குக் கட்ட வேண்டிய வரி, ஐந்து சதவீதம், 33,000. நேப்பிள்ஸிலிருந்து கேப்ரி தீவுக்குப் போய் புளூ குரோட்டோ என்ற நீலக் குகையைப் பார்ப்பதற்குத் தனியாகத் தலைக்கு 14,000, ஆக 42,000. எல்லாம் அப்பாவின் ஓய்வூதியக் கணக்கிலிருந்து போனது.

பார்சிலோனாவில் ஏறினோம். மார்செய், ஜெனோவா, ரோமுக்கான துறைமுகமான சிவிடவெக்கியா, நேப்பிள்ஸ், பலெர்மோ, மறுபடி பார்சிலோனா. ஏழு இரவுகள்.

முதல் இரவே மிஸ்ட்ரல் காற்று. பிரான்ஸில் ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக இறுகிக்கொண்டு வந்து லயன் வளைகுடாவில் வெடித்து விரியும் காற்று இது. குளிர்காலத்திலும் வசந்தத்தின் தொடக்கத்திலும்தான் வேகம் அதிகம். கப்பலின் மாடிப்படிக் கைப்பிடிகளில் வரிசையாக வெள்ளைக் காகிதப் பைகளைச் செருகிவைத்திருந்தார்கள். எதற்கு என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அறையில் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஊரிலிருந்து கொண்டுபோன உப்பு நார்த்தங்காய்த் துண்டு ஒன்று வாயில். மேஜையிலிருந்த டம்ளர் இந்தப் பக்கம் வரும், அந்தப் பக்கம் போகும். விடிந்ததும் ஒலிபெருக்கியில் கேப்டன் சொன்னார், காற்றினால் மார்செய் துறைமுகத்துக்குள் நுழைய முடியாது, கடலிலேயே இருக்கப்போகிறோம் என்று. துறைமுகக் கட்டணம் என்று ஒரு சிறு தொகையை எங்கள் கப்பல் கணக்கில் வரவு வைத்தார்கள். அதில் கப்பல் கம்பெனி மேல் எனக்குக் கோபம் இல்லை; காற்றையும் கடலையும் பொறுத்து வழியை மாற்றும் உரிமை டிக்கெட் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அந்தக் காகிதத்தைப் புறப்படும் முன் எங்களுக்குக் கொடுத்திருக்க வேண்டியவர் ஏஜென்ட். கொடுக்கவில்லை. நீங்கள் கேட்டு வாங்குங்கள்.

ரோமில் வேறு விதமான அடி. துறைமுகத்திலிருந்து ரோம் சுமார் எழுபது, எண்பது கிலோமீட்டர். பஸ் போய்ச் சேரவே முன்பகல் கடந்துவிட்டது, மழையில் டிராஃபிக் வேறு. குளிர்காலத்தில் கொலோசியத்தை மாலை 4.30-க்கு மூடிவிடுகிறார்கள், 3.30-க்கு மேல் உள்ளே விடுவதில்லை. வாடிகனைப் பார்த்துவிட்டு வந்தபோது கதவு சாத்தியாகிவிட்டது. 4.40-க்கெல்லாம் சூரியன் மறைந்துவிட்டது. கோடையில் அதே இடத்துக்குள் மாலை ஆறு மணிக்கும் போகலாம். சீசன் என்றவுடன் எல்லோரும் வெயிலையும் குளிரையும் மட்டுமே யோசிக்கிறோம், பகல் எவ்வளவு நீளம் என்று யோசிப்பதில்லை. துறைமுகத்தில் கப்பல் நிற்பதே எட்டு, பத்து மணி நேரம். அதில் இருட்டு எவ்வளவு என்பதும் காசுதான்.

இதை எழுத வைத்தது ஐந்தாம் நாள். நேப்பிள்ஸ். அப்பா ஆறு மணிக்கே குளித்து, மங்கி குல்லா மாட்டிக்கொண்டு மேல்தளத்துக்குப் போய்விட்டார். நான் போனபோது நீச்சல் குளத்தின் மேல் வலை கட்டியிருந்தது, நாற்காலிகளை அடுக்கிக் கயிறு போட்டிருந்தார்கள். அப்பா ஒருவர் மட்டும் ஈரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிரே ஊரின் விளக்குகள். அதற்கு மேல் சாம்பல் நிறத்தில் ஒரே மேகம். “அந்தப் பக்கம்தான் இருக்கணும்” என்று கையைக் காட்டினார். 1281 மீட்டர் மலை, கி.பி. 79-ல் பொம்பெய் நகரையே புதைத்த மலை, அடிவாரம் மட்டும் கொஞ்சம் தெரிந்தது. பத்து மணி வரை நின்றார். மேகம் விலகவில்லை.

கீழே இறங்கினால் கேப்ரிக்கு அழைத்துப்போக யாரும் இல்லை. சென்னைக்குப் போன் போட்டால், “கடல் ரஃப்பா இருக்கு மேடம், கேன்சல், ரீஃபண்ட் வந்துடும்” என்றார்கள். அங்கே கரையில் டிக்கெட் விற்கும் பெண்ணிடம் கேட்டேன். நீலக் குகையின் வாய் கடல் மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரம்தான், படகில் மல்லாக்கப் படுத்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும், அலை கொஞ்சம் ஏறினாலும் மூடிவிடுவார்கள், குளிர்காலத்தில் திறந்திருக்கும் நாளே குறைவு என்றார். அந்த நாளே குறைவான இடத்துக்குத்தான் ஆறு மாதம் முன்னாலேயே முழுப் பணம் வாங்கியிருக்கிறார்கள்.

டிசம்பரில் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. விலை மலிவு, வாடிகன் அருங்காட்சியகத்தில் நிம்மதியாக நடக்கலாம், பலெர்மோவில் எங்களுக்கு ஒரு நல்ல வெயில் நாளும் கிடைத்தது. தெரிந்தே போனால் தவறில்லை. ஆனால் அந்த மலிவு நமக்கு வந்து சேர வேண்டும். கப்பலில் அடுத்த பயணங்களுக்கு முன்பதிவு செய்யும் மேஜையில் அதே வழித்தடத்தின் தேதிவாரி விலைப்பட்டியல் இருந்தது. எங்களுடைய மாதிரி ஜன்னல் இல்லாத அறைக்கு டிசம்பர் விலை, மே மாத விலையில் பாதிக்கும் கீழே. எங்களுக்கோ, மே மாதத்துக்கு அவர் முதலில் சொன்ன அதே தொகையைத்தான் டிசம்பருக்கும் போட்டிருந்தார். விமானம், கப்பல், விசா, பஸ் என்று எல்லாவற்றையும் ஒரே தொகையாகச் சொன்னதால் எது எவ்வளவு என்று எங்களுக்குத் தெரியாமல் போயிற்று. அவர் ஏன் டிசம்பர் டிசம்பர் என்று பிடிவாதம் பிடித்தார் என்பது அந்த மேஜை முன்னால்தான் விளங்கியது. கப்பல் கம்பெனியின் இணையதளத்தில் அதே தேதிக்கு அதே அறை என்ன விலை என்று நீங்களே பாருங்கள். பில்லைப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். தரமாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

“எல்லாம் அடக்கம்” என்ற வார்த்தையையும் நம்பாதீர்கள். கடைசி நாள் டிப்ஸ் என்று ஒரு நாளைக்குத் தலைக்கு 12 யூரோ வீதம் 252 யூரோ எங்கள் கார்டில் பிடித்தார்கள். பெரும்பாலான கப்பல்களில் இந்த வழக்கம் உண்டு. புறப்படும் முன் சொல்லியிருந்தால் போதும்.

திரும்பி வந்து கேப்ரி பணத்துக்காக மூன்று மாதம் அலைந்தேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்த பிறகு 42,000 மட்டும் திரும்பி வந்தது. அதற்குள் இன்னொன்று வெளியே வந்தது. அப்பாவின் வருமான வரிக் கணக்குக்காக, அவர் பெயரில் கட்டிய வரியெல்லாம் பதிவாகும் 26ஏஎஸ் படிவத்தை எடுத்தபோது, ஜூனில் வாங்கிய அந்த 33,000 டிசிஎஸ் அதில் இல்லவே இல்லை. டிசிஎஸ் என்பது ஏஜென்சியின் பணம் இல்லை. நம் பான் எண்ணில் அரசுக்குக் கட்டி 27டி சான்றிதழ் தர வேண்டிய தொகை. வரியில் கழித்துக்கொள்ளலாம், திரும்பப் பெறவும் செய்யலாம். வெளிநாட்டு டூர் போய்வந்த எல்லோரும் இன்றைக்கே 26ஏஎஸ்ஸைத் திறந்து பாருங்கள்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் இடத்திலேயே கொடுக்கலாம், இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். எங்கள் தொகைக்குக் கட்டணம் 200 ரூபாய்தான். ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, அந்த எலுமிச்சை மரப் படம், கப்பலில் எடுத்த விலைப்பட்டியலின் போட்டோ எல்லாம் இணைத்தாயிற்று. வாட்ஸ்அப்பில் பேசியதை அழிக்காதீர்கள், நேரில் சொல்வதையும் “நீங்கள் சொன்னபடி” என்று ஒரு மெசேஜாகப் போட்டு வையுங்கள்.

மனு போடும் முன் அப்பா பரணிலிருந்து தன் பழைய புவியியல் பாடப் புத்தகத்தை எடுத்து வந்தார். மத்திய தரைக்கடல் காலநிலை என்ற பாடத்தில், ‘குளிர்காலத்தில் மழை’ என்ற வரிக்குக் கீழே அவர் வகுப்புக்காகப் போட்ட சிவப்பு மைக் கோடு அப்படியே இருந்தது. அந்தப் பக்கத்தையும் நகலெடுத்து இணைக்கச் சொன்னார். இணைத்திருக்கிறோம்.