இணைய நிறுவனம் தரும் மெயிலா, சொந்த டொமைனில் மெயிலா?

என் பழைய இணைய நிறுவனம் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் மெயில் வெளியே போகும் வழியான 25-ஆம் போர்ட்டை அடைத்துவிட்டது. மெயிலெல்லாம் அவுட்பாக்ஸிலேயே உட்கார்ந்திருக்க, உதவி எண்ணில் கேட்டால் "மோடத்தை ஒருதடவை ஆஃப் பண்ணிப் போடுங்க சார்" என்ற ஒரே பாட்டு. ஸ்பேமைத் தடுக்க அந்தப் போர்ட்டை அடைப்பது பல நாடுகளில் வழக்கம்தான், சரி, ஆனால் மெயில் அனுப்புவதற்கென்றே உள்ள 587-ஆம் போர்ட்டுக்கு மாற்றிக்கொள் என்று ஒரு வரி சொல்லித் தொலைத்திருக்கலாம்.

செலவு
நிறுவன மெயில்: இணையக் கட்டணத்திலேயே அடக்கம்.
சொந்த டொமைன் (நாமே பதிவு செய்யும் இணையப் பெயர், மெயில் முகவரியில் @-க்குப் பின் வருவது): பெயருக்கு ஆண்டுக் கட்டணம், மெயில் பெட்டிக்குத் தனியாக.

அனுப்பும் வரம்பு
நிறுவன மெயில்: குடியிருப்புச் சங்க அழைப்பை 80 பேருக்கு அனுப்பினேன், பாதியில் நின்றது.
சொந்த டொமைன்: இங்கும் வரம்பு உண்டு, பிடிக்காவிட்டால் வேறு சேவைக்குப் போகலாம்.

நிலைப்பு
நிறுவன மெயில்: இணைப்பை மாற்றினால் முகவரியும் போகக்கூடும், அப்புறம் வங்கி, வருமான வரி, ரயில் முன்பதிவு என்று ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். அமெரிக்காவில் வெரிசான் என்ற இணைய நிறுவனம் 2017-இல் மெயில் சேவையைக் கைவிட்டபோது, பழைய முகவரி வேண்டுமென்றவர்கள் ஏஓஎல் மெயில் சேவை பக்கம் போக வேண்டியிருந்தது.
சொந்த டொமைன்: எம்எக்ஸ் பதிவை (டொமைனுக்கு வரும் மெயில் எந்தச் சேவைக்குப் போக வேண்டும் என்ற குறிப்பு) மாற்றினால் போதும், முகவரி அதேதான். புதுப்பிக்க மட்டும் மறக்கக் கூடாது.

எளிமை
நிறுவன மெயில்: கடவுச்சொல் போட்டால் முடிந்தது.
சொந்த டொமைன்: எஸ்பிஎஃப், டிகேஐஎம் (மெயில் போலியல்ல என்று காட்டும் அமைப்புகள்) எல்லாம் அமைக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

பில் வாங்க மட்டும் மெயில் வேண்டுமென்றால் நிறுவனப் பெட்டியே போதும். தொழில், சங்கம், அடிக்கடி வீடு மாறுவது என்றால் டொமைன் வாங்கிவிடுங்கள்.