"வேஸ்ட் எல்லாம் எடுத்துட்டோம் மேடம்": திருச்சியில் கேசட் மாற்றிய கதை

பொங்கலை ஒட்டி மூன்று வாரம் ஸ்ரீரங்கத்தில் இருந்தேன். பேங்க் கேஒய்சி, பல் டாக்டர், ஆதாரில் முகவரி மாற்றுவது பற்றியெல்லாம் ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் பழைய வீடியோ கேசட்டுகளை டிஸ்க்காகவும் ஃபைலாகவும் மாற்றிய கதையை மட்டும் சொல்கிறேன், அடுத்து பரணில் கை வைக்கப்போகிறவர்களுக்கு உதவும்.

மொத்தம் 11 கேசட். 1994-ல் நடந்த என் கல்யாணம், தம்பி பூணூல், கிரகப்பிரவேசம், அப்புறம் மேலே எதுவும் எழுதாத சில. கேசட் போட்டுப் பார்க்கும் டெக் (விசிஆர்) செத்துப்போய் பழைய சாமான்காரரிடம் போய் இருபது வருஷம் இருக்கும், கேசட்டுகள் மட்டும் பித்தளை அண்டாவுக்குப் பின்னால் பத்திரமாக இருந்தன. நியூஜெர்சிக்குத் தூக்கிக்கொண்டு வந்து மாற்றலாம்தான். ஆனால் இங்கே நான் விசாரித்த இடத்தில் ஒரு கேசட்டுக்கு 30 டாலருக்கு மேல் கேட்டார்கள், அதுவும் இந்தியாவில் எடுத்த கேசட், அதாவது பால் (PAL) என்ற நம் ஊர் வீடியோ முறையில் இருப்பது என்றால் தனிக் கட்டணம். ஊரிலேயே முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

முதலில் போனது தில்லைநகர் பக்கம் ஏசி போட்ட ஒரு ஸ்டுடியோ. கேசட்டுக்கு 250 ரூபாய், இரண்டே நாளில் டிவிடி டிஸ்க் கையில். சோதனைக்குக் கல்யாண கேசட்டை மட்டும் கொடுத்தேன். அதுவும் மிக்சிங் செய்த கேசட் இல்லை, எடுத்தபடியே இருக்கும் ஒரிஜினல். (கல்யாண வீடியோக்காரரிடம் பாக்கிப் பணத்துக்குச் சண்டை போட்டு சித்தப்பா வாங்கி வைத்தது அது. அந்தச் சண்டைக்கு இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.) மிக்சிங் செய்ததில் ஆரம்பம் முதல் கடைசி வரை சினிமாப் பாட்டுதான், இதய வடிவத்துக்குள் நானும் இவரும் சுற்றிக்கொண்டே இருப்போம், ஒருத்தர் பேசுவதும் கேட்காது. ஒரிஜினலில்தான் அப்பாவின் குரல் இருக்கிறது. பந்தி முடியும் நேரத்தில் நேராக கேமராவைப் பார்த்து வந்து, "தம்பி, நீங்க சாப்பிட்டாச்சா? லைட் பிடிக்கிற பையன் சாப்பிட்டானா?" என்று கேட்பார். அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிறது, அவர் குரல் வேறு எதிலும் இல்லை.

டிஸ்க் வந்தது. மேலே தங்க எழுத்தில் எங்கள் பெயர், ரோஜாப்பூ, எல்லாம் அழகு. போட்டுப் பார்த்தால் பழைய சதுரப் படத்தை இப்போதைய அகல டிவிக்கு இழுத்து நிரப்பியிருந்தார்கள், ஒல்லிக்குச்சியாக இருந்த அத்தை பூரி மாதிரி உப்பியிருந்தாள். ஒரு டிஸ்க்கில் 4.7 ஜிபிதான் பிடிக்கும், நல்ல தரத்தில் ஒரு மணி நேரம், சுமாராக இரண்டு மணி நேரம். இவர்கள் 2 மணி 50 நிமிடக் கேசட்டை ஒரே டிஸ்க்கில் திணித்ததில் ஹோமப் புகை வரும் இடமெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்தது. அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் மொத்தம் 2 மணி 10 நிமிடம்தான் ஓடியது, பந்தியைக் காணோம், இருந்த இடங்களிலும் பின்னணியில் பாட்டு.

திரும்பப் போய்க் கேட்டேன். அந்தப் பையன் ரொம்பப் பணிவாகச் சொன்னான்: "வேஸ்ட் எல்லாம் எடுத்துட்டோம் மேடம். ஆளுங்க சும்மா நடக்கறது, சாப்பிடறது. சத்தமும் ஒரே இரைச்சல், அதான் பாட்டு போட்டோம். எக்ஸ்ட்ரா சார்ஜ் இல்ல." கோபப்படவும் முடியவில்லை, அவன் எனக்கு நல்லது செய்ததாகவே நினைக்கிறான். வெட்டாத ஃபைல் இருக்கிறதா என்றால், சிஸ்டத்தில் இடமில்லை, அழித்தாகிவிட்டது. கேசட் முழுசாகத் திரும்பி வந்ததே போதும் என்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

தம்பியின் நண்பன் ஒருவன் சொல்லி, மெயின்கார்டு கேட் அருகே ஒரு மாடிப்படி ஏறினேன். ஒரு காலத்தில் கேசட் வாடகைக்கு விட்டவர், பிறகு கல்யாண வீடியோ எடுத்தவர், இப்போது எழுபதை நெருங்குகிறார். போர்டு கிடையாது. ஓடுகிற டெக் இரண்டு, உதிரிக்காகக் கழற்றிப் போட்ட டெக் நாலு. "ஹெட் போச்சுன்னா வேற ஹெட் கிடைக்காதும்மா, அதான் இதுங்களை வச்சிருக்கேன்" என்றார். (டேப்பைப் படிக்கிற பாகம்தான் ஹெட்.) உலகத்திலேயே கடைசியாக டெக் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பான்காரர்களும் 2016-ல் நிறுத்திவிட்டார்கள், அவர் சொல்வது மிகையில்லை.

எந்த கேசட்டையும் அவர் உடனே டெக்கில் போடவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அந்தச் சின்னக் கண்ணாடி வழியாகக் காட்டினார், டேப் சுருளின் ஓரத்தில் மாவு தூவினாற்போல் வெள்ளைப் புள்ளி. ஃபங்கஸ். அப்படியே ஓட்டினால் ஹெட்டில் அப்பிக்கொண்டு அடுத்த கேசட்டுக்கும் போய்விடுமாம். ஐந்து கேசட்டில் அது இருந்தது, ஸ்பிரிட் தொட்ட துணியால் மெதுவாகச் சுற்றிச் சுற்றித் துடைத்தார். சாதாரண கேசட்டுக்கு 400, துடைக்க வேண்டியதற்கு 150 சேர்த்து. எட்டு நாள் ஆகும் என்றார். காரணம் கேட்டால் எளிது, மூன்று மணி நேரக் கேசட்டை மூன்று மணி நேரம் ஓடவிட்டுத்தான் ஏற்ற முடியும், பாட்டு காப்பி பண்ணுகிற மாதிரி ஒரு நிமிடத்தில் ஆகாது. டெக்கிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர் மூன்றும் ஒரு சின்ன யுஎஸ்பி டப்பாவுக்குப் போய், அங்கிருந்து கம்ப்யூட்டர், அவ்வளவுதான் சாமான். நடுவில் ஒரு நாள் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் இல்லை, யுபிஎஸ்ஸும் கைவிட்டு, பாதி ஏறியிருந்த பூணூல் மறுபடி முதலிலிருந்து.

நான் கேட்டது இரண்டுதான். எதையும் வெட்டக் கூடாது, சேர்க்கக் கூடாது. டிஸ்க் அம்மாவுக்கு ஒரு செட், எனக்கு ஃபைலாகப் பென் டிரைவில். இங்கே எங்கள் லேப்டாப் எதிலும் டிஸ்க் போடுகிற இடமே இல்லை, பால் டிஸ்க்கை அமெரிக்க பிளேயர்கள் பல எடுக்கவும் எடுக்காது, ஃபைல் என்றால் அந்த வம்பில்லை. அவர் சிரித்துக்கொண்டு, "வேலை மிச்சம்" என்றார். முதல் பத்து நிமிடத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னவரும் அவர்தான். சத்தம் வருகிறதா, முகம் இழுக்காமல் இருக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். நீங்களும் கேளுங்கள், உட்கார விடாத கடையில் கொடுக்காதீர்கள்.

பத்து கேசட் தேறியது என்று சொல்லலாம். கிரகப்பிரவேசத்தில் கால் மணி நேரம் ஓடிய பிறகு திடீரென்று தூர்தர்ஷன் வெள்ளிக்கிழமைப் பாட்டு, கேசட் முதுகில் உள்ள அந்தப் பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிடாததால் யாரோ மேலேயே ரெக்கார்ட் செய்திருக்கிறார்கள். யார் என்று வீட்டில் இன்னும் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. பந்தி முழுசாக வந்தது, அப்பா வந்து கேட்பதும்.

பெயர் எழுதாத கேசட் ஒன்றைப் போட்டதும் அவர், "இது அமெரிக்கா கேசட்டாச்சே" என்றார். 1999-ல் மகளின் முதல் பிறந்தநாளை எடுத்து நான் இங்கிருந்து அனுப்பியது. அமெரிக்காவில் என்டிஎஸ்சி, நம் ஊரில் பால் என்ற வித்தியாசமெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது, போனில் கேட்டபோது "பார்த்தோம், நல்லா இருந்தது" என்றுதான் அம்மா, அப்பா இருவரும் சொன்னார்கள். இந்த டெக்காரரிடம் இருந்த, இரண்டு முறையும் ஓடும் மல்ட்டி சிஸ்டம் டெக்கில் சுத்தமாக ஓடியது, கம்ப்யூட்டரில் ஒரு செட்டிங் மாற்றினார், அவ்வளவுதான்.

அன்று ராத்திரி பென் டிரைவை டிவியில் செருகிப் போட்டேன். அம்மா கிட்டே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். அந்தக் காலத்து எங்கள் டிவியில் படம் கருப்பு வெள்ளையில் மேலே மேலே ஓடிக்கொண்டே இருக்குமாம், அப்படியேதான் பல தடவை போட்டுப் பார்த்திருக்கிறார்கள். கேக் வெட்டும் இடம் வந்ததும் என் கையைப் பிடித்தாள்.

"கவுன் மஞ்சளாடீ? சிவப்புன்னுல்ல உங்கப்பா சொல்லிண்டிருந்தார்."