சுவரில் ஒட்டித் தண்ணீர் ஊறலை அளக்கும் கண்ணாடிக் குழாய்: வாங்கலாமா?

சாமான் பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. விரல் தடிப்பில் வளைந்த ஒரு கண்ணாடிக் குழாய், ஒரு முனையில் விரிந்த வட்ட வாய், நிமிர்ந்து நிற்கும் பக்கத்தில் 0 இலிருந்து 5 மில்லிலீற்றர் வரை கோடுகள். வாயைச் சுற்றிப் புட்டி என்கிற, களிமண் மாதிரி ஒட்டும் பசையை வைத்துச் சுவரில் அமத்தி ஒட்டி, மேலே தண்ணீர் விட்டு, எத்தனை நிமிடத்தில் எத்தனை கோடு இறங்குகிறது என்று மணிக்கூட்டோடு பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். கார்ஸ்டன் குழாய் என்பார்கள், ரைலெம் குழாய் என்றும் சொல்வார்கள். ரைலெம் என்பது கட்டடப் பொருட்களைச் சோதிக்கும் முறைகளை வகுப்பதற்கு 1947 இல் தொடங்கிய சர்வதேச அமைப்பு.

ரொறன்ரோவில் இருக்கிற அண்ணா இரண்டு குழாயும் ஒரு கட்டிப் புட்டியும் தண்ணீர் பீச்சுகிற போத்தல் ஒன்றும் வாங்கி அனுப்பினார். தபால் செலவோடு எங்கள் காசில் 14 ஆயிரம் ரூபாய் அளவில் முடிந்தது. ஒரு கண்ணாடித் துண்டுக்கு இது கூடத்தான். ஆனால் போன வருடம் வெளிச்சுவருக்கு நீர்புகாப் பெயின்ற் என்று நான் கொட்டிய காசு இதைவிடப் பல மடங்கு, அதில் பாதிக்கு மேல் தேவையே இல்லாத இடத்தில் பூசப்பட்டிருந்தது என்பதை இந்தக் குழாய்தான் காட்டியது.

எங்கள் வீடு இலங்கையில், முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளைப் பக்கம். வீட்டுத்திட்டத்தில் கிடைத்த 5 இலட்சத்து 50 ஆயிரத்தோடு கைக்காசும் போட்டு 2013 இல் கட்டியது. வடகிழக்குப் பார்த்த படுக்கையறைச் சுவர் ஒவ்வொரு மாரிக்கும் உள்ளே ஊறும். ஐப்பசி பிறந்து வாடைக்காற்றோடு இரண்டு நாள் அடித்துப் பெய்தால் போதும், யன்னலுக்குக் கீழே ஒரு பாய் அளவுக்குக் கருமை படரும், அலுமாரிக்குப் பின்னால் பூஞ்சணம் பிடிக்கும், பிள்ளையின் பள்ளிக்கூடக் கொப்பிகள்கூட நமுத்துப் போகும். பார்த்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கல் சரியில்லை, பூச்சில் மண் கூட, அத்திவாரத்தால் ஈரம் ஏறுது. நான் பெயின்ற் அடித்தேன். அடுத்த மாரிக்கும் ஊறியது.

குழாயில் நிற்கிற தண்ணீர் கிட்டத்தட்ட 10 சென்ரிமீற்றர் உயரம். அந்த உயரம் சுவரில் கொடுக்கும் அழுத்தம், மணிக்கு 140 கிலோமீற்றர் வேகத்தில் அடிக்கிற காற்று கொடுக்கும் அழுத்தத்துக்குச் சமம். அதாவது புயல் மழையை ஒரு பெரிய குத்திக் காசு அளவு இடத்தில் வைத்துப் பார்க்கிறீர்கள். சோதனையை மழை முடிந்த கையோடு செய்யக் கூடாது. ஏற்கெனவே நனைந்த சுவர் மேலும் குடிக்காது, குழாய் அசையாமல் நிற்கும், நீங்களும் சுவர் நல்லது என்று நம்பிவிடுவீர்கள். நான் ஆடி மாதம், சோளகம் அடித்துச் சுவர் மொறுமொறு என்று காய்ந்த பிறகுதான் தொடங்கினேன். அதுவும் காலமை ஏழு மணிக்கு. வெயில் ஏறினால் புட்டி இளகிக் குழாய் சறுக்கும்.

முதலில் சுவரின் நடுவில், பெயின்ற் படாத ஒரு இடத்தில் ஒட்டினேன். 5 நிமிடத்தில் 0.6 மில்லிலீற்றர் இறங்கியது, 20 நிமிடத்தில் 1.2. இந்த இரண்டு எண்ணையும் கொஞ்சம் நின்று பாருங்கள். நேரம் நாலு மடங்கு, குடித்த தண்ணீர் இரண்டு மடங்குதான். சீமெந்துப் பூச்சிலும் கொங்கிறீற்றிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள்தான் தண்ணீரை உறிஞ்சுகின்றன, உள்ளே போகப் போக இழுவை தளரும், அதனால் உறிஞ்சும் அளவு நேரத்தின் வர்க்கமூலத்தோடுதான் கூடும். ஆய்வுகூடங்களில் கொங்கிறீற் துண்டைத் தண்ணீரில் தொட்டபடி வைத்து நிறை பார்க்கிற சோதனையும் இதே கணக்கில்தான் ஓடுகிறது.

அடுத்தது யன்னலின் கீழ் மூலை. அங்கே தலைமயிர் அளவில் ஒரு வெடிப்பு, சரிவாக இறங்குகிறது. பெயின்ற் அடித்ததால் தூரத்தில் நின்றால் தெரியாது, கன்னத்தைச் சுவரோடு வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அதன் மேல் குழாயை ஒட்டினேன். 5 நிமிடத்தில் 1.7. 10 நிமிடத்தில் 3.4. கால் மணித்தியாலம் ஆவதற்குள் குழாய் காலி. இங்கே தளர்வே இல்லை, ஒரே வேகத்தில் ஓடுகிறது. ஒரே வேகத்தில் இறங்கினால் அது ஊறல் இல்லை, வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். புட்டி சரியாக ஒட்டாவிட்டாலும் இப்படித்தான் இறங்கும் என்பதால் கழற்றி, துடைத்து, ஒரு அங்குலம் தள்ளி அதே வெடிப்பில் மறுபடி வைத்தேன். அதே கதை.

அந்த மூலையை விட்டு இரண்டு அடி தள்ளி, பெயின்ற் நன்றாகப் பிடித்த இடத்தில் 20 நிமிடத்தில் 0.1 தான். பெயின்ற் தன் வேலையைச் செய்திருக்கிறது. ஆனால் 20 நிமிடத்துக்கு 1.2 குடிக்கிற பூச்சு ஒரு மழைக்கு ஒன்றும் ஆகாது, காய்ந்துவிடும், அந்தச் சுவருக்குப் பெயின்ற்றே அவசியமில்லை. வெடிப்புக்கு மேலே அடித்த பெயின்ற் வெடிப்போடு சேர்ந்து பிளந்துவிட்டது. நான் இத்தனை வருடமும் சுவரையே குறை சொல்லிக்கொண்டு இருந்தேன், கோளாறு ஒரு சாண் நீளத்தில் இருந்தது.

மேற்குப் பக்கச் சுவர் வேறு விதம். அங்கே வெடிப்பு இல்லை, ஆனால் 20 நிமிடத்தில் 3.1 போனது. அந்தப் பக்கம் பூசியது சித்திரை வெயிலில், கிணறு அடித்தட்டில் கிடந்த நேரம், இரண்டே நாள்தான் தண்ணீர் தெளித்தோம். இது எவ்வளவு பெரிய விசயம் என்று அப்போது எங்களுக்கு விளங்கவில்லை. கலவையில் கூடுதலாக ஊற்றும் தண்ணீர் ஆவியாகிப் போன பாதைகள்தான் பிறகு மழைத் தண்ணீர் வரும் பாதைகள். தொடர்ந்து ஈரமாக வைத்திருந்தால் சீமெந்து அந்தப் பாதைகளை வளர்ந்து அடைக்கும். 1959 இல் சீமெந்து ஆய்வாளர் பவர்ஸும் கூட்டாளிகளும் இதை அளந்திருக்கிறார்கள்: தண்ணீரின் நிறை சீமெந்தின் நிறையில் 0.4 பங்கு என்றால் 3 நாளில் பாதைகள் அறுபடும், 0.5 என்றால் 14 நாள், 0.7 என்றால் ஒரு வருடம், அதற்கு மேல் போனால் எந்தக் காலத்திலும் அறுபடாது. 50 கிலோப் பைக்கு 0.5 என்பது 25 லீற்றர், 0.7 என்பது 35 லீற்றர். நம் ஊர்களில் கலவை இலகுவாக இழுபடவேண்டும் என்று வாளி வாளியாக விடுவதைப் பார்த்தவர்களுக்கு 35 லீற்றர் ஒன்றும் பெரிய கணக்காகத் தெரியாது. இதற்காக எங்கள் மேசன் அண்ணையிடம் குறை பிடிக்கவில்லை, நனைப்பதற்குத் தண்ணீர் அள்ளித் தராதது நாங்கள்.

அவரைக் கூப்பிட்டுக் குழாயைக் காட்டினேன். முதலில் "இதென்ன ரீச்சர், சுவருக்குச் சேலைன் ஏத்துறீங்களோ" என்றுதான் கேட்டார். பிறகு வெடிப்பின் மேல் ஒட்டியதும் குந்தியிருந்து பார்த்தார், தண்ணீர் மட்டம் கோடு கோடாக இறங்குவதை வாய் திறக்காமல் பார்த்தார், காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்துச் சுவரிலேயே நேரத்தையும் அளவையும் குறித்தார். அடுத்த நாள் வெடிப்பை விரல் அகலத்துக்கு வெட்டி, கல் தெரியும் வரை தூசு தட்டி, வலைத்துண்டு வைத்து, ஒட்டுப்பால் கலந்த சாந்தால் அடைத்தார். ஒரு கிழமை சாக்கு நனைத்துத் தொங்கவிட்டோம். ஒரு மாதம் காயவிட்டு அதே இடத்தில் குழாய் வைத்தபோது 20 நிமிடத்தில் 0.4.

குழாய்க்கு எட்டாத வேலைகளும் உண்டு. தரையில் இருந்து முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறி உப்புப் பூக்கிற சுவருக்கு இது உதவாது, அந்தத் தண்ணீர் கீழே இருந்து வருகிறது. 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தபோது நனைந்த வீடுகளின் கதை அது. வாய்க்குள் போன தண்ணீர் பக்கவாட்டிலும் பரவும், ஆகவே வரும் எண்ணை வேறொருவர் வீட்டு எண்ணோடு ஒப்பிடாதீர்கள், உங்கள் சுவரிலேயே இடத்துக்கு இடம் ஒப்பிடுங்கள்.

சுவர் கட்டுகிற சீமெந்துக் கல்லைச் சோதிக்க இந்தக் குழாய் தேவையும் இல்லை. குசினியை நீட்டுவதற்குக் கல் எடுக்க வேண்டியிருந்தது, இரண்டு கல் அரிகிற இடங்களில் ஒவ்வொன்று வாங்கி, ஒரு கிழமை வெயிலில் காயவைத்து, நெல் நிறுக்கும் தராசில் நிறுத்தேன். பிறகு ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்த் தொட்டியில் தாழ்த்தி, மேல் ஈரத்தை ஒற்றி, மறுபடி நிறுத்தேன். ஒன்று 14.3 கிலோவில் இருந்து 15.2 ஆனது, நூற்றுக்கு ஆறு சொச்சம். மற்றது 13.0 இலிருந்து 14.6, நூற்றுக்குப் பன்னிரண்டு. இரண்டாவது கல்லின் விளிம்பை நகத்தால் சுரண்டினாலே மணல் கொட்டியது. அப்படித் தாகமான கல் மேலே வைக்கிற சாந்தின் தண்ணீரையும் இழுத்துவிடும், சாந்து இறுகாமல் காய்ந்து உதிரும். ஆய்வுகூடத்தில் 105 பாகை சூட்டு அடுப்பில் உலர்த்திச் செய்வார்கள், வெயிலில் காயவைத்தது அவ்வளவு துல்லியம் இல்லை. ஆனாலும் இரண்டு கல்லில் எதை எடுப்பது என்ற கேள்விக்கு இது தாராளம்.

குறைகள்: கோடுகளின் மை மூன்றாம் நாளே தேயத் தொடங்கியது, நான் நகப்பூச்சால் மேலே அடித்து வைத்திருக்கிறேன். வந்த புட்டி எட்டுப் பத்துத் தடவைக்குத்தான் காணும், தூசு ஏறினால் ஒட்டாது. பிள்ளைகள் விளையாடும் களியை வைத்துப் பார்த்தேன், சுவரில் எண்ணெய்க் கறை விட்டதோடு ஒழுகவும் செய்தது. வாங்குவதென்றால் புட்டி இரண்டு கட்டி கூடச் சொல்லுங்கள், பிளேற் கூரை, அதாவது தட்டையான கொங்கிறீற் கூரை உள்ளவர்கள் தரைக்கு வைக்கிற நேர்க் குழாயையும் சேர்த்து எடுங்கள், வளைந்தது அங்கே நிற்காது.